ஐம்பது எம்.எம். தூரம்

பாரீசிலிருந்து இந்த வருஷம் யார் வருகிறார்கள் என்று விசாரிப்பதுதான், புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் கேமரா வாங்க ஆசைப்பட்டால் செய்த முதல் வேலை. 1991க்கு முந்தைய காலம் அது. வெளிநாட்டுக் கேமராவுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் உண்டு, பெரிய சுங்க வரியும் உண்டு. நேரு வீதிக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றிரண்டு இருக்கும். விலை கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார் இருந்தது. எங்களுக்குப் பிரான்ஸ் இருந்தது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியான இணைப்பு முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் ஊரெங்கும் இருந்தன. அங்கே போய்விட்ட பிள்ளைகள் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். பெட்டி திறக்கிற அன்று கூடம் முழுக்க சென்ட் வாசனை. சாக்லேட், பாட்டிக்குப் போர்வை, சமயத்தில் துணிகளுக்கு நடுவே சுற்றிவைத்த ஒரு கேமரா.

அதனால் எங்கள் ஊர்க் கேமராக்களுக்கு மாடல் பெயரோடு ஆள் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். துலூஸ் மாமா கொண்டுவந்த பென்டாக்ஸ். மர்செய் அக்கா விட்டுப்போன மினோல்டா. கை மாறி, வீடு மாறி, மூன்றாவது ஆளிடம் போன பிறகும் அந்தப் பெயர் போகாது. என்ன வாங்கலாம் என்று நாங்கள் யோசித்ததெல்லாம், யார் எதைக் கொண்டுவர முடியும், யார் எதை விற்க மனசு வைப்பார்கள் என்பதற்குள்ளேதான்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் சைகோன் வரை போய் வந்தவர். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு, இஸ்திரி போட்ட கோட்டோடு அவர் வீட்டிலிருந்து இறங்கும்போது தெருவே வாசலில் நிற்கும். அவர் பீரோவில் தோல் உறை போட்ட ஒரு ஃபோக்கா இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெர்மன் லைக்காவுக்குப் பதிலாக நம்முடையதாக ஒன்று வேண்டும் என்று பிரான்ஸ் தானே செய்துகொண்ட கேமரா அது. செய்தவர்கள் படைக்குத் தூரமானிகள் செய்துகொடுத்த லெவலுவா ஆலைக்காரர்கள். தாத்தா அதை என் கண்ணில் வைத்து, லென்ஸைத் திருப்பச் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் இரண்டாகத் தெரிந்தது. திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாயிற்று. "ரெண்டும் ஒண்ணாச்சா? அப்ப அமுக்கலாம்" என்றார். உள்ளே ரோல் இல்லை. ஆனாலும் அமுக்கினேன். ஷட்டர் விழுந்த சத்தம் இன்னும் எனக்குத் தெரியும். கேமரா பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கென்று வந்த முதல் கேமரா அதைவிட எவ்வளவோ எளியது. ஆக்பா க்ளிக் 3. நம் நாட்டிலேயே செய்தது, 120 ரோல் போடுவது, பன்னிரண்டு சதுரப் படங்கள். வெயில், மேகம் என்று இரண்டே குறி. அந்த இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு ஊரையே பார்த்தேன். அந்த வயதில் அது போதுமானதாக மட்டும் இல்லை, நிறைவாகவும் இருந்தது. பங்குனி வெயிலில் மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோவிலின் இரட்டைக் கோபுரம், பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா, பாரதி பூங்காவில் ஆயி மண்டபம். பன்னிரண்டு முடிந்தால் அடுத்த ரோலுக்கு அடுத்த மாதம்தான்.

ரோல் வாங்குவதும் ஒரு தேர்வுதான். கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ கிடைக்கும். ஊட்டியில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்த இந்து கிடைக்கும். அந்த ஊட்டி ஆலை பிரான்சின் போஷே நிறுவனத் தொழில்நுட்பத்தோடு தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்தது என்பதை வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். இந்து ரோல் பற்றி எங்களுக்குள் குறைகள் பேசிக்கொள்வோம். ஆனால் இந்தியாவில் எத்தனை ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரேக்கள், எத்தனை கல்யாண ஆல்பங்கள் அந்த மலையிலிருந்து வந்த பிலிமில் பதிந்தன என்று இப்போது யோசித்தால் அந்த ஆலை மூடப்பட்டது மனசைப் பிசைகிறது. நம் வெளிச்சத்தை நாமே செய்த பிலிமில் பிடித்த காலம் அது.

பெரிய கேமராவுக்கு மனம் தாவியது கல்லூரி முடிந்து சம்பளம் வர ஆரம்பித்த பிறகு. அப்போது ஒரு கடை எங்களுக்குக் கிடைத்தது. முன்னால் ஸ்டூடியோ, பின்னால் டார்க் ரூம், நடுவில் ஒரு கண்ணாடிக் கவுன்ட்டர். பிலிம் கழுவக் கொடுக்கிற சாக்கில் போவோம், கவுன்ட்டரில் நின்றே சாயங்காலம் முடிந்துவிடும். உரிமையாளரை நாங்கள் ஐயா என்போம், அவருக்கு நாங்கள் எல்லோரும் தம்பி. வாங்கப் போகிறவன், வாங்க முடியாதவன் என்று அவர் பார்த்ததில்லை. அலமாரியிலிருந்து எடுத்து, ஃபெல்ட் துணி விரித்து, அதன்மேல் வைத்து, "கையில எடுத்துப் பாருங்க தம்பி" என்பார்.

எங்கள் வாக்குவாதங்கள் இன்றும் வாய்ப்பாடாக நினைவில் இருக்கின்றன. சோவியத் ஜெனிட் மலிவு. ஆனால் இரும்புக் குண்டு, ஷட்டர் விழுந்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும். அதன் ஹீலியோஸ் 58 எம்.எம். லென்ஸில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. யாஷிகா எலக்ட்ரோ 35 அழகு. அதன் பாதரச பேட்டரிக்கு எங்கே போவது? யாஷிகா எஃப்.எக்ஸ். 3 கைக்கு அடக்கம். நிக்கான் எஃப்.எம். 2 நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு வரை போகும், அதைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான். மிச்சம் பென்டாக்ஸ் கே 1000. ஐயா அதன் பக்கம் நின்றார். பேட்டரி செத்தாலும் படம் எடுக்கும். பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். மீட்டரை அணைக்கச் சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால் அது தூங்கிவிடும். "கெட்டுப் போறதுக்கு இதுல என்னா இருக்கு?" என்பார். கடலோர ஊரில், ரிப்பேருக்குச் சென்னைக்குப் போக வேண்டிய ஊரில், அதைவிடப் பெரிய சிபாரிசு இல்லை.

மீட்டர் பற்றி அவர் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை வேறு எந்த ஊரிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக் கணக்குப் போடும். எங்கள் ஊர் வெள்ளை நகரத்திலோ எங்கே திரும்பினாலும் சுண்ணாம்புச் சுவர், மஞ்சள் சுவர். அந்த வெளுப்பை நம்பினால் முகமெல்லாம் கறுத்துப்போகும். அதற்காக வெளிநாட்டில் பதினெட்டு சதவீதச் சாம்பல் அட்டை விற்பார்கள். "நமக்கு எதுக்கு அட்டை? ஆசிரமத்துச் சுவர் இருக்குல்ல" என்றார் ஐயா. அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்கள் எல்லாம் சாம்பல் நிறம் பூசியவை. அட்டைக்குச் சரியாக ஈடாகாதுதான். ஆனாலும் அந்தத் தெருவின் வெயிலில் அந்தச் சுவரைப் பார்த்து முள்ளை நடுவில் நிறுத்தி, பிறகு முகத்தின் பக்கம் திரும்பினால் படம் தப்பாது. ஊரின் ஒரு சுவரே கருவியாக இருந்தது எங்களுக்கு.

அந்தக் கவுன்ட்டரில்தான் கார்தியே பிரெஸோன் கதையையும் கேட்டேன். 1950 ஏப்ரல் 24, தரிசன நாள். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பல பத்தாண்டுகளாக அரவிந்தரைப் படமெடுக்க யாருக்கும் அனுமதி இருந்ததில்லை. மாக்னம் புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அந்தப் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது. அன்று தரிசனத்தையும், மறுநாள் அவருடைய அறையில் அவரையும் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். இன்று வீடுகளின் பூஜை அறைகளில் இருக்கிற, நாற்காலியில் அமர்ந்த அந்த முதிய முகம் அப்படி வந்ததுதான். கார்தியே பிரெஸோன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரு சிறிய லைக்கா, ஒரு 50 எம்.எம். லென்ஸ், அதோடு நின்றுகொண்டவர். இதைச் சொல்லிவிட்டு ஐயா எங்களைப் பார்ப்பார். இரண்டாவது லென்ஸ் வேண்டும், ஜூம் வேண்டும் என்று யாராவது ஆரம்பித்திருந்தால் அதோடு அடங்கிவிடும்.

என் கே 1000, லியோனில் வேலையிலிருந்த ஒரு உறவுக்காரர் வழியாக வந்தது. புதிது இல்லை. கூட வந்தது 50 எம்.எம்., எஃப் 2. அடுத்து எதை வாங்குவது என்பதில் ஊர் இரண்டாகப் பிரியும். திருவிழா எடுக்கிறவர்கள் 135 என்பார்கள். வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவில் கவர்னர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். அந்தக் கூட்டத்தில் அந்த முகத்தை எட்டிப் பிடிக்க 135 வேண்டும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்போது 28 வேண்டும். எனக்கு இரண்டும் வரவில்லை. வெகு காலம் 50இலேயே இருந்தேன். வீராம்பட்டினத்தில் கூட்டத்துக்குள் நுழைந்து வடத்துக்குப் பக்கத்தில் போனேன். வைத்திக்குப்பத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் கரையைப் பார்த்து எடுத்தேன்.

இதில் எனக்கு மறக்கவே முடியாதது மேரி கட்டடம். கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து நின்ற பழைய நகரமன்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் கட்டியது. அதன் முழு முகப்பையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் 50 லென்ஸில், கட்டடம் எவ்வளவு அகலமோ கிட்டத்தட்ட அதில் ஒன்றரை மடங்கு தூரம் பின்னால் போக வேண்டும். 28 என்றால் முக்கால் மடங்கு போதும். சாலையை விட்டு இறங்காமலே முடிந்துவிடும். நான் சாலையைக் கடந்து, தடுப்புச் சுவரைத் தாண்டி, மணலில் இறங்கிப் பின்னால் நடந்தேன். விடிகாலை வெயில் எனக்குப் பின்னாலிருந்து கடல்மேல் வந்து முகப்பில் நேராக விழும். தூண்கள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரியும். காலடியில் ஈர மணல், கட்டுமரம் இழுத்த தடம். அங்கே நின்று நான் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இருக்கின்றன.

நான் நின்ற இடம் பிறகு இல்லாமல் போயிற்று. ஊருக்குத் தெற்கே 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். எங்கள் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, ஊருக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் எடுத்துக்கொண்டது. மிச்சக் கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். ஒரு தலைமுறைக்குப் புதுச்சேரிக் கடற்கரை என்றால் கருங்கல்தான். கபடி ஆடிய மணல் இங்கே இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் என்னை நம்பாமல் பார்ப்பார்கள். அப்புறம் 2014 நவம்பர் 29 அன்று, மழையில் ஊறிப்போய் மேரியே இடிந்து விழுந்தது. 1952 புயலில் விழுந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு கட்டிய பாலமும் 2022 மார்ச்சில் உடைந்து கடலுக்குள் சரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, என் நெகட்டிவ் உறைகளுக்குள் இருந்த ஊருக்கும் வெளியே இருந்த ஊருக்கும் ஒட்டே இல்லாமல் போயிற்று.

28 வாங்கியிருந்தால் மேரி கிடைத்திருக்கும். அந்த மணலும் காலடித் தடமும் படத்தின் கீழ்ப்பாதியில் வந்திருக்காது. வறுமையைப் புகழ எனக்கு மனமில்லை. பணமிருந்தால் அன்று மூன்று லென்ஸும் வாங்கியிருப்பேன். ஆனால் கையிலிருந்த கண்ணாடி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியதோ அங்கேதான் என் ஊர் பதிந்தது. ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுக்கிறவர் தான் நிற்கப்போகிற இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை எந்த விமர்சனக் கட்டுரையும் எனக்குச் சொன்னதில்லை.

ஈரக் காற்று எங்கள் நிரந்தர எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலையாகப் படரும். விட்டுவிட்டால் பூச்சையே அரித்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, இறுக மூடும் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சட்டியில் வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். சிலர் பீரோவுக்குள் சின்ன குண்டு பல்பு எரியவிடுவார்கள். தாத்தாவின் ஃபோக்காவை அவர் காலத்துக்குப் பிறகு வீட்டார் எடுத்துப் பார்த்தபோது லென்ஸ் முழுக்க வெண்படலம். அது காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனதாகச் சொன்னார்கள். அந்தச் சந்தையில் பழைய சாமான் விரிப்புகளை இன்றும் நான் நின்று பார்க்கிறேன். தோல் உறை கிழிந்த பிரெஞ்சுப் பெட்டிக் கேமரா, செம்ஃப்ளெக்ஸ் இரட்டைக் கண் கேமரா எல்லாம் வந்திருக்கின்றன. கைக்கடிகாரங்களுக்கும் பித்தளைப் பூட்டுகளுக்கும் நடுவே ஒரு தலைமுறையின் கண்கள் கிடக்கும்.

ஐயாவின் டார்க் ரூமிலிருந்து பழைய ஹைப்போவை வெள்ளிக்காக வாங்கிப்போக ஆள் வருவார். பிலிமில் இருக்கிற வெள்ளி கழுவும்போது அதில் கரைந்து வரும். பழைய நெகட்டிவ்களையும் கிலோ கணக்கில் கேட்பார்கள். கொடுத்த ஸ்டூடியோக்கள் உண்டு. எத்தனை பேருடைய முகம் அந்த வெள்ளிக்காக உருகியிருக்கும்! பாரதி செல்லம்மாவோடு எடுத்துக்கொண்ட படம் எங்கள் ஊரில் எடுத்தது. அவருடைய படங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கிலோக் கணக்கு எனக்கு வலிக்கும். நல்ல வேளையாக, 1955இல் தொடங்கிய நம் ஊர்ப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பழைய ஸ்டூடியோக்களையும் குடும்பங்களையும் தேடிப்போய் கண்ணாடித் தகடுகளையும் படங்களையும் மின்படி எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வேலை இருபது வருஷம் முன்னால் தொடங்கியிருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

வரி குறைவு என்று கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் எங்கள் ஊருக்குப் பொருள் வாங்க வந்த காலம் ஒன்று இருந்தது. கேமராவுக்கும் வந்தார்கள். 2004 வாக்கில் நிக்கான் டி 70 பற்றி ஊரே பேசியது. பெட்டர் ஃபோட்டோகிராஃபி, ஸ்மார்ட் ஃபோட்டோகிராஃபி இதழ்களின் சோதனைப் பக்கங்கள் கவுன்ட்டரில் கை மாறின. அந்த இதழ்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். மெகாபிக்சல் எண்ணிக்கையைத் தாண்டி யோசிக்கக் கற்றுக்கொடுத்தவை அவை. 2012இல் கோடாக் திவால் மனு கொடுத்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து எல்லையின் இரு பக்கமும் ஒரே வரியாயிற்று. கேமராவுக்கு முதலில் 28 சதவீதம், 2019 முதல் 18. அதற்குள் ஐயாவின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்கின. ஐயா போய்ச் சில வருஷமாகியிருந்தது.

இன்று வாங்குவது எளிது. இரவில் படுத்துக்கொண்டே ஆர்டர் போடலாம். ஒவ்வொரு லென்ஸுக்கும் மூலை எவ்வளவு கூர்மை, நடு எவ்வளவு கூர்மை என்று வரைபடம் இருக்கிறது. நானும் அப்படித்தான் வாங்குகிறேன், சந்தோஷமாகவே வாங்குகிறேன். நான் தேடுவது ஃபெல்ட் துணி விரித்த அந்தக் கவுன்ட்டரை. நீ எதை எடுக்கப் போகிறாய், எங்கே நிற்கப் போகிறாய் என்று கேட்டுவிட்டு, பிறகு அலமாரியைத் திறந்த ஒரு மனிதரை. அவருக்கு என் சம்பளம் தெரியும், என் கை நடுக்கம் தெரியும், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வெயில் இறங்கும் என்பதும் தெரியும்.

மேரியை அதே முகப்போடு திரும்பக் கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு போட்ட பிறகு அங்கே மணலும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காலையில் நடக்கப் போகும்போது அந்த மணலில் பிள்ளைகள் படமெடுப்பதைப் பார்க்கிறேன். சிலர் கையில் பிலிம் கேமரா! தாத்தாவுடையது என்கிறார்கள், ரோல் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். போன வாரம் ஒரு பெண், கையில் அவள் தாத்தாவின் யாஷிகா, "அங்கிள், இதுக்கு 28 தேடட்டுமா, 50ஐயே வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். எதை எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். வைசியாள் வீதியில் இடிக்கப்போகிற அவர்கள் பழைய வீட்டை, திண்ணையில் பாட்டியோடு, என்றாள். தெரு குறுகல், எதிர்ச் சுவரில் முதுகு ஒட்டி நின்றாலும் 50இல் வீடு முழுக்க வராது. 28 தேடு, வீடு இடிப்பதற்குள் கிடைக்காவிட்டால் என்னிடம் வா, எங்கேயாவது இரவல் வாங்கித் தருகிறேன் என்றேன். பாட்டியின் முகத்துக்கு மட்டும் 50ஐ மாட்டிக்கொள்ளச் சொன்னேன், காலை எட்டு மணிக்குள், திண்ணையில் நேர் வெயில் ஏறுவதற்கு முன்னால்.